வெளிக்குப் போனானா?

என் தங்கச்சி மகன் ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை. இது எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது, நர்சுக்கும் தெரியாது. வார்டைக் கூட்டிக் கழுவுகிற ஓர் அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

2023 ஜூலையில் நடந்தது இது. பையனுக்கு அப்போது ஆறு வயது. தங்கச்சி என்றால் சித்தி மகள். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனியில் அடுத்தடுத்த வீடு. பையனுக்கு விடாத காய்ச்சல். அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டு. தெருவெல்லாம் ஓடுகிற பிள்ளை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. ரத்தம் பார்த்த உள்ளூர் டாக்டர் அதிகம் பேசாமல் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்கிற வகை. குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் அதிகம், மருந்தை நடுவில் விடாமல் முடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்கள். தங்கச்சி காதில் முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் விழவில்லை.

என் வேலை காகித வேலை என்று நினைத்துக்கொண்டேன். வருமானச் சான்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்த பையன் பெயரைத் திருத்துவது, புற்றுநோயாளிகளுக்கான ரயில் சலுகைப் படிவம். (படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி போய் வருகின்றன.) இருபது வருடமாக மனு எழுதுகிறவன் நான். பத்து நாளில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு, இனி டாக்டர்கள் பாடு என்று ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. சுடுகாட்டுப் பாதை கேட்டுத் தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஆர்ப்பாட்டம். மைக் என் கையில் வரப்போகிற நேரத்தில் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு அழுவறான்."

"வாழைப்பழம் குடு. வெந்நீர் குடு. சரியாப் பூடும்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். பிறகு இருபது நிமிடம் சுடுகாட்டைப் பற்றிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது வார்டு வாசலில் அந்த அக்கா என்னை நிறுத்தினார். கையில் துடைப்பம், பக்கத்தில் பினாயில் வாளி. "நீதான் அந்த மூணாம் நம்பர் பெட் புள்ளைக்கு மாமனா? அஞ்சாறு நாளா அந்தப் புள்ள கக்கூசு பக்கமே வரல தம்பி. பெட்பேனும் வரல. நான்தான கழுவறேன், எனக்குத் தெரியாதா? நர்சம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னா நல்லாருக்காது."

தங்கச்சியிடம் கேட்டேன். தினமும் காலையில் நர்சு வந்து, "மோஷன் போனானா?" என்று கேட்டிருக்கிறார். தினமும் இவள், "போனான் மேடம்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குக் கோபமாக வந்தது. சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா என்னை அடக்கினார். பிறகு மெதுவாகத்தான் வெளியே வந்தது. முதல் வாரம் மருந்து ஏறும்போது பையன் படுக்கையிலேயே வாந்தி எடுத்து, பேதியும் போயிருக்கிறான். போர்வை மாற்ற வந்த ஆள், "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு, "உங்க ஜனங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தங்கச்சி ஒரே மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டான் மேடம். தூங்கினான் மேடம். போனான் மேடம்.

இந்தப் பதில்களை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டோம். கேள்வி கேட்பவர் சீக்கிரம் நகர்ந்து போவதற்கான பதில்கள்.

இதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சித்தி ஊரிலிருந்து வெற்றிலையும் விளக்கெண்ணெயும் மடித்துக் கொண்டுவந்திருந்தது. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிப் பின்பக்கம் வைத்தால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். நானும் நீங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அன்று இரவு வைத்துவிடலாம் என்று அம்மாவும் மகளும் முடிவு செய்திருந்தார்கள்.

நான் நர்சிடம் போய், "ஆறு நாளாகப் போகவில்லை, தங்கச்சி பயந்துகொண்டு சொல்லவில்லை" என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர். தூங்கி எத்தனை நாள் ஆனதோ. வயிற்றை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எழுதி, பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். வாரம் ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிற வின்கிரிஸ்டின் என்கிற மருந்து குடலின் நரம்புகளையும் மந்தமாக்கிவிடும். வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டான்செட்ரான் மாத்திரையும் தன் பங்குக்குக் கட்டும். இரண்டும் சேர்ந்து குடல் நின்றுபோயிருக்கிறது. இது வாழைப்பழத்தால் தீராது.

வெற்றிலைக் காம்பைச் சித்தி மறைக்கவில்லை. எடுத்துக் காட்டியது. டாக்டர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "பாட்டி, வேற புள்ளைக்குன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இவனுக்கு இப்ப ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் கம்மி. அந்த இடத்துல நகக்கீறல் அளவு கிழிஞ்சாலும் கிருமி நேரா ரத்தத்துல போயிடும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்." இந்த நாட்களில் எனிமா கூடாது, பின்பக்கம் வைக்கிற மாத்திரை கூடாது, அங்கே தெர்மாமீட்டரும் வைக்கக் கூடாது என்றார். சித்தி ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மென்றுவிட்டது.

லாக்டுலோஸ் சிரப், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற இன்னொரு பவுடர். செவ்வாய்க்கிழமை விடியற்காலை போனான். கக்கூசுக்குள் இருந்து தங்கச்சி, "போய்ட்டான்" என்று கத்தியது வராந்தா வரை கேட்டது. வார்டில் இருந்த அம்மாக்கள் கைதட்டினார்கள். யாருக்கும் சிரிப்பாகத் தோன்றவில்லை.

அந்த ஒரு இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. துடைப்பத்தோடு என்னை நிறுத்திய அந்த அக்கா பேசாமல் இருந்திருந்தால் வெற்றிலைக் காம்பை வைத்திருப்பார்கள். ஒரு பெரியாஸ்பத்திரியில், அத்தனை படித்தவர்களுக்கு நடுவில், ஒரு குழந்தையின் குடல் நின்றுபோனதைக் கண்டுபிடித்தவர் கக்கூஸ் கழுவுகிறவர். இந்தச் சாதிச் சமூகம் மலத்தை நம் தலையில் சுமத்தியது. சுமத்திவிட்டு, அதைப் பற்றி வாய் திறந்தால் நாம்தான் அசிங்கம் என்றது. அந்த வெட்கம் என் தங்கச்சி நாக்கில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. சுடுகாட்டைப் பற்றி மைக் பிடித்துப் பேச முடிந்த எனக்கு, "கடைசியா எப்ப வெளிக்குப் போனான், எப்படி இருந்தது?" என்று போனில் ஒரு கேள்வி கேட்க வரவில்லை.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த வின்கிரிஸ்டின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணி. நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று சொல்கிற ஊதாப் பூச்செடி. சுடுகாட்டு ஓரம் தண்ணீர் ஊற்றாமலே முளைக்கும். அதே செடியின் மருந்துதான் அவன் ரத்தத்தில் புற்றணுக்களைக் கொன்றது, அதேதான் குடலையும் கட்டியது. செடியைத் தின்றால் நோய் தீரும் என்று யாராவது அரைத்துக் கொடுக்க வந்தால் விடாதீர்கள், அது விஷம். அதிலிருந்து பிரித்து அளந்து கொடுக்கிறார்கள் என்பதால்தான் அது மருந்து.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. மாப்பிள்ளை சென்ட்ரிங் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அதனால் துணைக்கு நான் இருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தேதி, என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை வாந்தி, வெளிக்குப் போனானா, கட்டியா, தண்ணியா, ரத்தம் இருந்ததா, மூத்திரம் எத்தனை தடவை, காய்ச்சல் எவ்வளவு. தங்கச்சி எட்டாவதோடு நின்றவள். முதல் இரண்டு நாள் நான் எழுதினேன், பிறகு அவளே எழுதினாள். நர்சு கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் நோட்டை நீட்டினாள். நாலாவது நாளிலிருந்து ரவுண்ட்சுக்கு வருகிற பெரிய டாக்டரே, "நோட்டு எங்கம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

தோழர்களே, நான் மருத்துவன் இல்லை. அந்த வார்டில் எங்களுக்குச் சொன்னதையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன். உங்கள் காலனிப் பிள்ளைக்கு வேறு மருந்து, வேறு அளவு இருக்கும். அங்கே இருக்கிற டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்பதே தெரியாமல்தான் நம் ஆட்கள் உள்ளே போகிறார்கள்.

வாந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. மருந்து ஏறுவதற்கு அரைமணி முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். கொடுத்த மாத்திரையை உடனே கக்கிவிட்டால் நாமாகத் திரும்பக் கொடுக்காமல் நர்சைக் கேட்க வேண்டும். சூடாக இருக்கிற சாப்பாட்டின் ஆவியும் வாசனையுமே குமட்டும். சமைத்ததை மூடி ஆறவைத்து, ஒரு கரண்டி, அரைமணி கழித்து இன்னொரு கரண்டி. தட்டு நிறையப் போட்டுக் கெஞ்சினால் அதைப் பார்த்தே வாந்தி எடுப்பான்.

இதில் நாங்கள் செய்த ஒரு பெரிய தப்பு, அன்பினால் செய்தது. இட்லியும் கறிக்குழம்பும் என்றால் அவனுக்கு உயிர். ஊசி போடுகிற நாளில் பிள்ளை தெம்பாக இருக்கட்டும் என்று சித்தி அதைத்தான் ஊட்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு கறிக்குழம்பு வாசனை வந்தாலே அவன் மூக்கைப் பொத்தினான். ஒரு வருடம் தொடவில்லை. இதை 1978-இலேயே அமெரிக்காவில் இலீன் பெர்ன்ஸ்டைன் என்கிற ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். கீமோவுக்கு முன்னால் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்த குழந்தைகள் பிறகு அந்த ஐஸ்கிரீமையே வெறுத்தார்கள். வாந்திக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் உடம்பு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால் பிடித்த சாப்பாட்டை ஊசி போடாத நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். பொய்யாகத் தோன்றும், ஆனால் ஊசி நாளில் அவனுக்கு ரொம்பப் பிடிக்காததும் பிடித்ததும் இல்லாத ஏதாவது போதும்.

இதற்கு நேர் எதிர் ஸ்டீராய்டு பசி. முதல் மாதம் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "பசிக்குது, பசிக்குது" என்று அழுவான். நாலு இட்லி தின்றுவிட்டு அரைமணியில் மறுபடி. முகம் உப்பி வட்டமாகிவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், "புள்ள தேறிட்டான்" என்று சந்தோஷப்பட்டார்கள். அது தேறியது இல்லை, மருந்தின் உப்பல். அந்தப் பசிக்கு ஆஸ்பத்திரி வாசலில் விற்கிற பஜ்ஜியும் சிப்ஸும்தான் கையில் கிடைக்கும். தங்கச்சி வேகவைத்த முட்டை, பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி என்று மாற்றிக்கொண்டாள். வயிறு எரியாமல் இருக்கத் தனி மாத்திரை கொடுத்தார்கள். அதை நிறுத்தக் கூடாது. இன்னொன்றும் சொன்னார்கள்: அஸ்பாராஜினேஸ் என்கிற ஊசி போடுகிற நாட்களில் முதுகு வரை இழுக்கிற கடுமையான வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்காரக் கூடாது, கணையம் வீங்கியிருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

சாப்பாடு பற்றிப் பேசும்போது மாட்டுக்கறியைப் பற்றிப் பேசியாக வேண்டும். உணவு ஆலோசகர் ஒருநாள் வந்து, "வீட்ல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். தங்கச்சி, "சாம்பார், ரசம், தயிர் மேடம்" என்றாள். எங்கள் வீட்டில் சாம்பார் வைப்பதே பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அவர் அதை நம்பி ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்தார்: பன்னீர், பாதாம், ஆப்பிள். மாப்பிள்ளை ஒருநாள் கூலியில் பாதியைக் கொடுத்து ஆப்பிள் வாங்கிவந்தார். பையன் கடித்துவிட்டுத் துப்பினான்.

மறுநாள் நான் அந்த ஆலோசகரைத் தேடிப் போய் நேராகக் கேட்டேன். "மேடம், நாங்க மாட்டுக்கறி சாப்பிடறவங்க. குடுக்கலாமா?" அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஏன் அன்னிக்கே சொல்லல? நல்ல புரதம், இரும்புச் சத்து. அன்னன்னிக்கு வாங்கி, நல்லா வேகவெச்சு, சமைச்ச உடனே குடுங்க. மிச்சம் வெச்சு மறுநாள் குடுக்காதீங்க. காரம் கம்மியா" என்றார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியும் கொடுத்தார்: முட்டை, மாட்டுக்கறி, கேழ்வரகுக் கஞ்சி, வேர்க்கடலையை வேகவைத்து. எங்களிடம் ஏற்கனவே இருந்த சாப்பாடு. வீட்டுத் தயிர், பச்சைக் காய்கறி, தோல் உரிக்க முடியாத பழம் ஆகியவற்றை வெள்ளை அணு குறைந்த நாட்களில் வேண்டாம் என்றார். தயிர் விஷயத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. உங்கள் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிபன் பாக்ஸைத் திறந்ததும் எதிர்க்கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். திறக்கட்டும், காற்று எல்லோருக்கும் நல்லதுதான்.

ஆறாவது மாதம் பெரிய அளவில் மெத்தோட்ரெக்சேட் ஏற்றினார்கள். வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளித்தான், குழைந்த சோற்றை ஆறவைத்து விழுங்கினான். அந்தப் புண் வாயோடு நிற்பதில்லை, குடல் வரை போகும். பேதி ஆரம்பித்தது.

பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று எல்லோருக்கும் தெரியும். கலக்குவதில்தான் உயிர் இருக்கிறது. தங்கச்சி ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள், கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும் என்று. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு லிட்டர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, முழுப் பொட்டலத்தையும் அதில் போட்டு, மறுநாளுக்கு வைக்காமல், கரண்டி கரண்டியாக. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியில் ஆறு சர்க்கரை, அரை உப்பு. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புத் தண்ணீர் இது இல்லை. அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போடுவதற்கே 2025 அக்டோபர் ஆனது.

இந்தக் கரைசலின் கதை தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. திலீப் மகலநாபிஸ் என்கிற டாக்டர் உப்பையும் குளுக்கோசையும் சோடாவையும் டிரம்மில் கரைத்து, அதைக் கொடுக்கிற வேலையை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே ஒப்படைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் கப்பில் மொண்டு ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு அவர் பார்த்த முகாமில் நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் இறந்த பிறகுதான் நாடு பத்ம விபூஷண் கொடுத்தது. அந்த அகதி அம்மாக்களில் ஒருத்தர் பெயரும் எங்கும் இல்லை.

எல்லாம் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கிறது. "கொதிக்கவைத்த தண்ணி குடுங்க" என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். எங்கள் காலனிக்குத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். பக்கத்திலேயே சாக்கடை. கொதிக்கவைக்க கேஸ் வேண்டும், ஆறவைத்து மூடிவைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும், டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்ற வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது எப்படித் தெரியவந்தது? பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது, ஆஸ்பத்திரியில் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள், பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பையன் ஊருக்குத் திரும்புவதற்கு முன் எங்கள் இளைஞர்கள் முதலில் செய்ததும் அதுதான். தொட்டியில் ஏறினார்கள், கழுவினார்கள், மூடிக்குப் பூட்டுப் போட வைத்தார்கள். அவன் வீட்டுக் கொதிதண்ணீருக்கு ஒரு சிலிண்டர் பணத்தை மாதா மாதம் மாணவர் தோழர்கள் போட்டார்கள். மேடை கட்டுகிற செலவைவிட அது குறைவு.

காய்ச்சலை மட்டும் நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவைத்தோம்: 100.4. தெர்மாமீட்டரில் அந்த எண்ணைத் தொட்டால், பேதியோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது கூடாது. இரண்டு தடவை 108-இல் போனோம். போகும்போது கோப்பை எடுத்துக்கொண்டு, போனதும் முதல் வாக்கியமாக, "கீமோ எடுக்கிற பிள்ளை, காய்ச்சல்" என்று சொல்லிவிட வேண்டும். சீட்டு போடுகிற வரிசையில் நிற்கக் கூடாது. வரிசையில் நிற்காமல் பேச நம் ஆட்களுக்குக் கூச்சம். அங்கேதான் நீங்கள் தேவைப்படுவீர்கள். மூத்திரம் ஆறு மணிநேரம் வரவில்லை, கண் உள்ளே போய்விட்டது, மலத்தில் ரத்தம் என்றாலும் இதே வேகம்தான். பேதியை நிறுத்துகிற மாத்திரையை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

கையுறை விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊசி போட்டு 48 மணிநேரம் வரை பிள்ளையின் வாந்தியிலும் மலத்திலும் மூத்திரத்திலும் மருந்து கலந்து வரும். துடைக்கும்போது கையுறை போடுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள் என்று அம்மாக்களுக்குச் சொன்னார்கள். நான் அந்த அக்காவின் கையைப் பார்த்தேன். வெறுங்கை. முப்பது கட்டில் பிள்ளைகளின் வாந்தியை, மலத்தை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடமாக. அவரும் நம்மவர்தான், ஒப்பந்தக் கூலி. யாரும் அவரிடம் அந்த 48 மணிநேரக் கணக்கைச் சொன்னதில்லை.

என் மனு எழுதுகிற கை அங்கே உருப்படியாகப் பயன்பட்டது. வார்டில் இருந்த இருபத்திரண்டு அம்மா அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். முகத்தைத் திருப்பிய எதிர்க்கட்டில்காரரும் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தக்காரர், "இவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார்" என்றார். அந்தப் பதிலையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். மூன்றாவது வாரம் கையுறைப் பெட்டி வந்தது. அடுத்த மாதம் நின்றுபோனது. மறுபடி எழுதினோம், மறுபடி வந்தது. இன்னும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவோ, "க்ளவுசு போட்டா துடைப்பம் வழுக்குது தம்பி" என்று திட்டினார். நல்ல அளவு கிடைத்த பிறகுதான் போட்டுக்கொண்டார்.

போன மாதம் பையனின் கடைசி மாத்திரை முடிந்தது. இரண்டரை வருடம். நோட்டு பதினொன்று ஆகியிருந்தது. கடைசி இரண்டை அவனே எழுதினான், எழுத்துப்பிழையோடு. பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும், பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் கறிக்குழம்பு திரும்ப இறங்குகிறது.

அன்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அந்த அக்காவைத் தேடினோம். ஒப்பந்தம் கைமாறி அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று மாடி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தோம். பையன் முடி வளர்ந்து நின்றதில் அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தங்கச்சி, "மூணாம் நம்பர் பெட்டுக்கா" என்றாள்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, அவன் கன்னத்தைப் பிடித்தார். "ஒழுங்கா வெளிக்குப் போறியாடா?"

"காலைலயே போய்ட்டேன் ஆயா" என்றான், சத்தமாக. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.